சுமை குறைக்கும் தையல்: மலையேற்றப் பையை நாமே தைப்போம்

மலையேறப் போகிறவர்கள் முதலில் மலையின் உயரத்தைத்தான் கேட்பார்கள். குனோங் லேடாங் 1,276 மீட்டர், குனோங் நுவாங் 1,493 மீட்டர், தீபகற்ப மலேசியாவின் உச்சியான குனோங் தாஹான் 2,187 மீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. ஆனால், "உன் பை காலியாக இருக்கும்போது எத்தனை கிலோ?" என்று கேட்டால் பலருக்கும் விடை தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது.

பல்கலைக்கழக நாள்களில் நான் இரவல் வாங்கிய ஒரு பெரிய பையோடுதான் மலையேறினேன். ஒருமுறை, பயணம் முடிந்து பொருள்களையெல்லாம் எடுத்துவிட்டு, காலிப் பையை வீட்டுத் தராசில் தொங்கவிட்டேன். 2.3 கிலோ காட்டியது. ஒன்றுமே இல்லாத பைக்கு 2.3 கிலோ! இரண்டு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை வீணே சுமந்து ஏறி, சுமந்து இறங்கியிருக்கிறேன். புதிதாக ஓர் இலேசான பை வாங்கலாம் என்று கடைக்குப் போனால், விலை என் மாதச் செலவுப் பணத்தை விழுங்கிவிடும் போலிருந்தது. அன்று இரவுதான் வீட்டு வரவேற்பறையின் மூலையில் இருந்த அம்மாவின் தையல் இயந்திரம் என் கண்ணில் வேறு மாதிரியாகப் பட்டது.

அதன்பின் நான் தைத்த பைகள் மூன்று. முதல் பை மலையிலேயே கிழிந்தது. இரண்டாவது தோளை அறுத்தது. மூன்றாவது இன்றும் என்னோடு வருகிறது. அதன் எடை ஏறக்குறைய 400 கிராம். இந்த மூன்று பைகளும் கற்றுத் தந்ததை இளைய நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டில் பிறந்த பைகள்

முதுகுப்பை என்றாலே தொழிற்சாலையில் செய்வது என்று நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1952இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் வைத்த முதுகுப்பைகளைத் தம் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கினார். சட்டத்தை அவர் செய்வார். துணியைத் தைத்தவர் அவருடைய மனைவி நீனா. பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது.

1955இல் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, அமெரிக்காவின் அப்பலேசியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். அப்போது அவருக்கு வயது 67. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவர் தோளில் இருந்தது ஜீன்ஸ் துணியில் தாமே தைத்த ஒரு சுருக்குப்பை. அதில் பட்டையும் இல்லை, சட்டமும் இல்லை. மழைக்கு ஒரு குளியலறைத் திரையை வைத்திருந்தார். தேவையில்லாததை அவர் எடுத்துச் செல்லவில்லை. ஆகவே அவருக்குப் பெரிய பையும் தேவைப்படவில்லை.

பாறை ஏறுபவரான ரே ஜார்டின், தம் மனைவி ஜென்னியுடன் பசிபிக் மலைமுகட்டுப் பாதையைப் பலமுறை நடந்தவர். 1992இல் வெளிவந்த அவரது கையேடு, குறைந்த சுமையோடு நடக்கும் முறையைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அவர்கள் இருவரும் பைகளைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். சுமை குறைந்தால் பையில் சட்டம் தேவையில்லை, இடுப்புப் பட்டை தேவையில்லை, கனத்த காலணியும் தேவையில்லை. ஒன்று குறைய, அதைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றும் குறைகிறது என்பதே அவரது வாதத்தின் சாரம்.

கடைப் பையின் 2.3 கிலோ எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இது விளங்கும். உள்ளே அலுமினியக் கம்பி அல்லது பிளாஸ்டிக் தகடு, தடித்த இடுப்புப் பட்டை, மூடி, அதில் ஒரு பை, அந்தப் பைக்கு ஒரு ஜிப், இறுக்குவதற்குப் பத்துப் பன்னிரண்டு வார்கள், ஒவ்வொரு வாருக்கும் ஒரு பக்கிள். யார் வாங்குவார் என்று தெரியாததால், எல்லாருக்கும் வேண்டியதையெல்லாம் அதில் சேர்க்கிறார்கள். நாமோ ஒரே ஓர் ஆளுக்குத் தைக்கப் போகிறோம். வேண்டாததை விட்டுவிடும் உரிமை நமக்கு இருக்கிறது. இலேசான பையின் இரகசியம் விலை உயர்ந்த துணியைவிட அந்த உரிமையில்தான் இருக்கிறது.

முதலில் தராசு, பிறகு கத்தரிக்கோல்

பையைக் கடைசியாகத் தைக்க வேண்டும். முதலில் உள்ளே போகப் போகும் பொருள்களை எடை போட வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று போதும். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலான எடையை 'அடிப்படை எடை' என்பர். நம் நாட்டுத் தாழ்நிலக் காட்டில் ஓர் இரவு தங்கும் பயணத்திற்கு என் கணக்கு இது:

தார்ப்பாயும் தொங்கு படுக்கையும்: 1,000 கிராம்
மெல்லிய போர்வை: 500 கிராம்
நுரைப் பாய்: 300 கிராம்
மாற்றுடை: 800 கிராம்
மழைச்சட்டை: 300 கிராம்
அடுப்பும் பாத்திரமும்: 500 கிராம்
முதலுதவி, விளக்கு, சிறு பொருள்கள்: 600 கிராம்
பை: 400 கிராம்

மொத்தம் 4.4 கிலோ. இரண்டு நாள் உணவு 1.2 கிலோ, தண்ணீர் 2 லிட்டர் சேர்த்தால் 7.6 கிலோ. இதே பொருள்களை அந்த 2.3 கிலோ பையில் போட்டால் 9.5 கிலோ ஆகிவிடும்.

இந்தக் கணக்கு முக்கியம். சட்டமும் இடுப்புப் பட்டையும் இல்லாத பை, சுமை முழுவதையும் தோளில்தான் இறக்கும். மொத்தச் சுமை 9 கிலோவுக்குள் இருக்கும்வரை பெரும்பாலோருக்கு அது தொல்லை தராது. அதைத் தாண்டினால் 400 கிராம் பை நன்மை செய்யாது. தோளும் கழுத்தும் வலித்து, நடையே கெட்டுவிடும். ஆகவே, உங்கள் பொருள்கள் 15 கிலோ என்றால் இந்தப் பையைத் தைக்காதீர்கள். முதலில் பொருள்களைக் குறையுங்கள்; குறைக்க முடியாத நீண்ட பயணமென்றால் சட்டம் வைத்த பையையே எடுத்துச் செல்லுங்கள்.

துணி, நூல், ஊசி

நைலான் துணியைக் குறிக்கும்போது 70 டெனியர், 210 டெனியர், 500 டெனியர் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். டெனியர் என்பது நூலிழையின் கனத்தைக் குறிக்கும் அளவு. 9,000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அதன் டெனியர். எண் கூடினால் இழை தடிக்கும், துணி உறுதியாகும், எடையும் கூடும். 70 டெனியர் காற்றுச் சட்டைக்கும் தார்ப்பாய்க்கும் நல்லது; ரோத்தான் முள் நிறைந்த நம் காட்டில் பைக்கு அது போதாது. 500 டெனியர் நாள்தோறும் புத்தகம் சுமக்கும் பைக்கு ஏற்றது. மலையேற்றப் பைக்கு 210 டெனியர் நடுவழி.

வாங்கும்போது 'ரிப்ஸ்டாப்' நெசவு உள்ள துணியாகப் பாருங்கள். அதில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் தடித்த இழைகள் கட்டம் கட்டமாக ஓடும். முள் பட்டுச் சிறு கிழிசல் ஏற்பட்டாலும் அது அடுத்த தடித்த இழையில் தடைப்படும். துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். பளபளக்கும் அந்தப் பக்கம் பையின் உட்புறமாக வர வேண்டும்.

நூல் முழுமையான பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் நனைந்து நனைந்து இற்றுப்போகும். வீட்டு இயந்திரத்திற்கு 90 எண் ஊசி (பழைய எண் முறையில் 14) போதும். வார்களைத் தைக்கும்போது மட்டும் 100 எண் ஊசியை (பழைய முறையில் 16) மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்வது நல்லது. மழுங்கிய ஊசி நைலானைத் துளைக்காமல் இழுக்கும், தையல் தவறும்.

இவை தவிர, 20 மில்லிமீட்டர் அகல நைலான் வார் 4 மீட்டர், வாரை இழுத்து இறுக்கும் பக்கிள் இரண்டு, அழுத்தித் திறக்கும் பக்கிள் ஒன்று, ஓரம் கட்டும் நாடா 4 மீட்டர், எலாஸ்டிக் ஒன்றரை மீட்டர், பட்டைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரை, வலைத்துணி அரை மீட்டர் ஆகியவை வேண்டும். நுரைக்குப் பழைய படுக்கைப் பாயை வெட்டிக்கொள்ளலாம். கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்துத் துணிக்கடைகளிலும் தையற்பொருள் கடைகளிலும் சுற்றினால் நூல், நாடா, எலாஸ்டிக் போன்றவை கிடைக்கும். ரிப்ஸ்டாப் நைலான் அங்கே கிடைக்காவிட்டால் இணையவழி வாங்கிக்கொள்ளலாம். பழைய பள்ளிப் பை ஒன்றைப் பிரித்தாலே பக்கிளும் வாரும் இலவசமாகக் கிடைத்துவிடும்.

மூன்றே துண்டுகள்

பையின் உடலை மூன்று துண்டுகளில் முடித்துவிடலாம். முன்புறம், அடிப்புறம், முதுகுப்புறம் மூன்றும் ஒரே நீளத் துண்டு. இரு பக்கங்களுக்கும் இரண்டு துண்டுகள். இப்படிச் செய்தால் அதிக எடை அழுத்தும் அடிப்பாகத்தின் குறுக்கே தையலே வராது.

முடிந்த பை 30 செ.மீ. அகலம், 18 செ.மீ. ஆழம், 80 செ.மீ. உயரம் இருக்கும். மேலே 20 செ.மீ. சுருட்டி மூடுவதால் பயன்படும் உயரம் 60 செ.மீ. கொள்ளளவைப் பெருக்கிப் பாருங்கள்: 30 × 18 × 60 = 32,400 கன செ.மீ., அதாவது 32 லிட்டருக்குச் சற்று மேல். வெளிப் பைகள் தனி. ஓர் இரவு, இரண்டு இரவுப் பயணத்திற்கு இது தாராளம்.

தையலுக்காக ஒவ்வோர் ஓரத்திலும் 1.5 செ.மீ., மேல் மடிப்புக்கு 3 செ.மீ. விட வேண்டும். ஆகவே வெட்ட வேண்டிய அளவுகள்:

நீளத் துண்டு: 33 × 184 செ.மீ. - ஒன்று
பக்கத் துண்டு: 21 × 84.5 செ.மீ. - இரண்டு
பக்கப் பைகள்: 25 × 27 செ.மீ. - இரண்டு
முன்பை, வலைத்துணி: 36 × 38 செ.மீ. - ஒன்று
தோள்பட்டை, நைலான்: 10 × 48 செ.மீ. - இரண்டு
தோள்பட்டை, வலைத்துணி: 10 × 48 செ.மீ. - இரண்டு

ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் இரண்டு மீட்டர் வாங்கினால் எல்லாம் அடங்கி மிச்சமும் இருக்கும். நீளத் துண்டின் இரு முனைகளிலிருந்தும் 83 செ.மீ. அளந்து கோடு போடுங்கள். நடுவில் எஞ்சும் 18 செ.மீ. தான் பையின் அடி.

நேரே நைலானில் கத்தரியை வைத்துவிடாதீர்கள். முதலில் மாஜோங் தாளில் வரைந்து வெட்டுங்கள். பிறகு பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரிப் பையைப் பெரிய தையலாகத் தைத்து, உள்ளே 5 கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்து மாட்டிப் பாருங்கள். அரை நாள் செலவாகும். துணிக் காசு மிச்சமாகும். இதைச் செய்யாததால்தான் என் இரண்டாவது பை தோளை அறுத்தது.

முதுகின் நீளத்தை அளப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் இரு கைகளையும் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் ஒரு கோட்டைக் காட்டும். அந்தப் புடைப்பிலிருந்து இந்தக் கோடுவரை உள்ள நீளமே உங்கள் முதுகின் நீளம். பையின் அடியிலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில் தோள்பட்டைகள் இணைய வேண்டும். நண்பரைவிட நீங்கள் உயரமாக இருந்தாலும் உங்கள் முதுகு குட்டையாக இருக்கலாம். ஆகவே நண்பரின் அளவைக் கடன் வாங்காதீர்கள்.

தைக்கும் வரிசை

துணியை வெட்டியதும் ஓரங்களில் இழை பிரியத் தொடங்கும். மெழுகுவத்திச் சுடரை ஓரத்தின் அருகே வேகமாக நகர்த்தினால் நைலான் உருகி அடைத்துக்கொள்ளும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். உருகிய நைலானைக் கையால் தொடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். குண்டூசி போட்ட இடத்தில் துளை அப்படியே நின்றுவிடும் என்பதால், துணிகளைச் சேர்த்துப் பிடிக்கத் தாள் கவ்வியையோ துணி காயப்போடும் கவ்வியையோ பயன்படுத்துங்கள்.

பை தட்டையாக இருக்கும்போதே சிறு வேலைகள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது முதல் விதி. பையை மூடிய பிறகு உள்ளே இயந்திரத்தை நுழைக்க முடியாது.

முதலில் வெளிப் பைகள். ஒவ்வொரு வெளிப் பையின் மேல் ஓரத்தையும் மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்துக்கொள்ளுங்கள். பக்கப் பைத் துணி பக்கத் துண்டைவிட 4 செ.மீ. அகலம் கூடுதல், அதைக் கீழே இரண்டு கொசுவமாக மடித்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் உட்காரும் அளவுக்கு வாய் திறக்கும். முன்புற வலைப்பையின் அடி, நீளத் துண்டின் 83 செ.மீ. கோட்டில் வர வேண்டும். நனைந்த மழைச்சட்டையை அதில் திணித்துக்கொள்ளலாம். நீர் தானே வடிந்துவிடும்.

அடுத்து தோள்பட்டைகள். நைலான் துண்டின் நல்ல பக்கத்தில், நடுவே முழு நீளத்திற்கும் வாரை வைத்து இரு ஓரங்களிலும் தையுங்கள். பட்டையின் கீழ் முனையில் வாரைச் சற்று நீட்டிவிட்டு, இழுத்து இறுக்கும் பக்கிளை அதில் கோத்து மடித்துத் தையுங்கள். சுமையைத் தாங்குவது இந்த வார்தான். நுரை தோளுக்கு மெத்தை மட்டுமே. பிறகு நைலானையும் வலைத்துணியையும் நல்ல பக்கங்கள் உள்ளே வருமாறு வைத்து, வாரும் பக்கிளும் தையலில் சிக்காதபடி இரு நீள ஓரங்களைத் தைத்து, புரட்டி எடுத்து, நுரையை உள்ளே செலுத்துங்கள். வலைத்துணிப் பக்கம் உடம்பை நோக்கி வரட்டும், வியர்வை காயும்.

முதுகுப் பகுதியில் குறித்த உயரத்தில் பட்டைகளின் மேல் முனைகளை வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 7 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். அவற்றின் மேல் குறுக்காக, ஒரு பக்க ஓரத்திலிருந்து மறு பக்க ஓரம்வரை ஒரு வாரை வைத்து இரண்டு வரிசை தையுங்கள். கையால் தூக்குவதற்கான வளையத்தையும் இதே வாருக்கு அடியில் செருகிவிடலாம். துணியின் பின்பக்கத்தில் அதே நீளத்தில் ஒரு நைலான் பட்டி வைத்துத் தைக்க மறக்காதீர்கள். காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

பட்டையின் கீழ் வாருக்கு, உள்ளங்கை அளவில் ஒரு துணி முக்கோணம் வெட்டி, அதன் கூர்முனையில் வாரைச் செருகித் தையுங்கள். முக்கோணத்தின் அகன்ற பக்கம், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, முதுகும் பக்கமும் சேரும் தையலுக்குள் போகும். வாரை நேரடியாகத் தையலில் செருகினால் இழுவிசை முழுவதும் 2 செ.மீ. இடத்தில் விழும், முக்கோணம் அதை உள்ளங்கை அகலத்திற்குப் பிரித்துக் கொடுக்கும்.

இப்போது பையை மூடலாம். நீளத் துண்டின் ஓரத்தில், அடிப்பாகக் கோடுகள் இருக்கும் இடங்களில் 1 செ.மீ. ஆழத்திற்குக் கத்தரியால் கீறிக்கொண்டால் மூலை சுலபமாகத் திரும்பும். பக்கத் துண்டை நல்ல பக்கம் உள்ளே வருமாறு கவ்விப் பிடித்து, அடிப்பாகத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தையுங்கள். மேலிருந்து தொடங்கினால், சிறு பிசகும் சேர்ந்து சேர்ந்து மூலையில் சுருக்கமாக வந்து நிற்கும். ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி ஒரு தையல், 0.8 செ.மீ. தள்ளி இன்னொரு தையல், கடைசியில் ஓர நாடாவால் மூடி ஒரு தையல்.

மேல் வாயை 3 செ.மீ. மடித்துத் தைத்து, பக்கத் துண்டுகளின் நடுவில் அழுத்தித் திறக்கும் பக்கிளின் இரு பாதிகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். வாயைத் தட்டையாகப் பிடித்து மூன்று நான்கு முறை சுருட்டி இரு முனைகளையும் மாட்டினால் பை மூடிக்கொள்ளும். ஜிப் தேவையில்லை.

நுரைப் பாயை 28 × 58 செ.மீ. அளவில் மடித்தோ வெட்டியோ பையின் முதுகுப்புற உட்சுவரில் வைத்துவிடுங்கள். இரவில் படுக்கை, பகலில் பையின் முதுகெலும்பு. அடுப்பின் மூலை முதுகில் குத்தாது.

கிழிந்த பையும் அம்மாவின் கேள்வியும்

என் முதல் பையை எடுத்துக்கொண்டு குனோங் லேடாங் ஏறினேன். உச்சிக்கு அருகே ஏணிகளும் கயிறுகளும் உள்ள செங்குத்தான பகுதி உண்டு. இறங்கும்போது, ஏணியில் ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே இருக்கையில், இடது தோள்பட்டை மேலிருந்து பிய்ந்தது. பை வலப்பக்கம் சாய்ந்து என்னையும் இழுத்தது. கீழே நின்ற நண்பன் காலைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். மீதி வழி முழுவதும் பையைக் குழந்தைபோல் மார்பில் அணைத்தபடி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து, "நூல் மட்டம்" என்று கடைமீது பழி போட்டேன். அம்மா பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கம்பக்கத்தாருக்கு இரவிக்கை தைத்துக் கொடுத்தே எங்களைப் படிக்க வைத்தவர் அவர்.

"நூலு அறுந்துச்சா, துணி கிழிஞ்சிச்சா? அத மொதல்ல பாரு தம்பி," என்றார்.

பார்த்தேன். நூல் ஓர் இடத்தில்கூட அறுந்திருக்கவில்லை. தையல் போன கோட்டோடு துணிதான் கிழிந்திருந்தது, தபால்தலையைக் கிழிப்பதுபோல் நேராக.

"உறுதியா இருக்கணும்னு பொடிப்பொடியா தைச்சிருக்க. அத்தனையும் ஓட்டை. பின்னால ஒட்டுத்துணியும் வைக்கல. அப்புறம் எப்படித் தாங்கும்?"

நான் பொறியியல் விரிவுரைகளில் இழுவிசை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன். ஆனால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஊசியின் ஒவ்வொரு குத்தும் துணியில் ஒரு துளை. தையல் நெருங்க நெருங்க, துளைகளுக்கு இடையே மிஞ்சும் துணி குறைகிறது. நூல் அறுந்தால் நூலையோ தையலின் எண்ணிக்கையையோ மாற்ற வேண்டும். துணி கிழிந்தால் தையலைப் பெரிதாக்கி, பின்னால் வலுத்துணி வைத்து, சுமையைப் பரப்ப வேண்டும். இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

அன்று அம்மாவிடம் கற்றதை விதிகளாகச் சொல்கிறேன்.

ஒன்று, பையின் தையல் நீளம் 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

இரண்டு, சுமை விழும் ஒவ்வோர் இடத்திலும் துணிக்குப் பின்னால் இன்னொரு துணி இருக்க வேண்டும். பின்துணி தையலைவிட ஓர் அங்குலமாவது எல்லாப் பக்கமும் நீண்டிருக்க வேண்டும்.

மூன்று, வாரைத் தைக்கும்போது ஒரே கோட்டில் போய் வராதீர்கள். சிறு சதுரம் தைத்து, அதற்குள் குறுக்காக இரு கோடுகள் போடுங்கள். இழுவிசை எல்லாத் தையல்களுக்கும் பகிர்ந்து போகும். அம்மாவின் கறுப்பு மிதி இயந்திரத்தில் நேர்த்தையல் மட்டும்தான் உண்டு. அதற்கு இதுவே போதுமானது. வளைதையல் உள்ள மின்இயந்திரம் என்றால், வாரின் கனத்த அடுக்குகளில் மட்டும் குறுகலான நெருக்க வளைதையலைப் போடலாம். வார் தடிப்பானது என்பதால் துளைகளைத் தாங்கும்.

நான்கு, பல அடுக்குகள் சேரும் இடத்தில் மிதிக்காமல், பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். ஊசி உடையாது.

ஐந்து, மலைக்குப் போகும் முன் பையில் 12 கிலோ அரிசியை வைத்து, பட்டையைப் பிடித்து இருபது முறை வெடுக்கென்று தூக்கிப் பாருங்கள். கிழிவதென்றால் வீட்டிலேயே கிழியட்டும்.

மழையும் ஈரமும்

நம் நாட்டு மழைக்குத் தைத்த பை எதுவும் முழுமையாக ஈடுகொடுக்காது. துணி நீரைத் தடுத்தாலும் ஊசித் துளைகள் வழியே கசியும். ஆகவே பையை நீர்புகாததாக ஆக்கும் முயற்சியில் நேரத்தைச் செலவிடாதீர்கள். தடித்த குப்பைப்பை ஒன்றை உள்ளே விரித்து, அதற்குள் பொருள்களை வைத்து, வாயை முறுக்கிச் செருகிவிடுங்கள். ஆற்றைக் கடக்கையில் வழுக்கி விழுந்தாலும் போர்வை காய்ந்தே இருக்கும்.

மழையைவிடப் பைக்குப் பெரிய எதிரி அலமாரிதான். பாலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். பல மாதங்கள் மூடி வைத்த பையைத் திறந்தால் உட்புறம் பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிப்பது இதனால்தான். பயணம் முடிந்ததும் பையைக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கடும் வெயிலில் பல நாள் கிடந்தால் நைலான் இழையே நைந்துபோகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எந்த மலைக்கு எந்தப் பை?

நுவாங், லேடாங் போன்ற ஒருநாள் அல்லது ஓர் இரவுப் பயணங்களுக்கு இந்தப் பை நன்கு பொருந்தும். சபாவின் கினபாலு 4,095 மீட்டர் உயரம் என்றாலும், வழியில் தங்குமிடமும் உணவும் இருப்பதால் சுமை குறைவு. குளிருடை, மழைச்சட்டை, தண்ணீர் ஆகியவற்றுக்கு இதே பையைச் சற்றுச் சிறிதாகத் தைத்தால் போதும்.

தாஹான் வேறு. பல நாள் உணவைச் சுமக்க வேண்டும். உச்சியில் இரவு குளிரும். அங்கே குறைந்த எடைப் பை என்ற ஆசை ஆபத்தாக முடியக்கூடும். முதலுதவிப் பெட்டியையும் மழைச்சட்டையையும் தண்ணீரையும் விட்டுவிட்டு எடையைக் குறைத்தேன் என்று சொல்வது திறமையாகாது. தேவையில்லாததை விடுவதும் தேவையானதை விடுவதும் ஒன்றல்ல.

முடிவாக

என் மூன்றாவது பைக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. தையல் அவ்வளவு நேராக இல்லை. இடது பக்கப் பை வலது பக்கத்தைவிட ஒரு செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆனால் காட்டின் நடுவே ஒரு பட்டை பிய்ந்தால், எங்கே, ஏன் பிய்ந்தது என்று எனக்குத் தெரியும். ஊசியும் நூலும் இருந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்து நடப்பேன். வாங்கிய பை இந்தத் தைரியத்தை எனக்குத் தந்ததில்லை.

மலையேற்றக் குழுவில் சேர விரும்பியும், பையின் விலையைக் கேட்டுப் பின்வாங்கிய தம்பி தங்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரின் வீட்டில் ஒரு தையல் இயந்திரமும், அதை நன்கு அறிந்த ஒரு அம்மாவோ பாட்டியோ இருப்பார்கள். அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது இரண்டு மீட்டர் துணியோடு போங்கள். அம்மாவை அருகில் உட்கார வைத்து, முதல் தையலை நீங்களே போடுங்கள். எங்கே தவறு என்று அவர் சொல்வார்.

என் பை உச்சிவரை போய்த் திரும்பிய அன்று, அம்மா அதைத் தலைகீழாகப் புரட்டி, பட்டைத் தையல்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "ம், நிக்கும்," என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு பை தைக்கலாம்.